மூணாவது பென்சில் கோடு

ஹலோ... ஹலோ, கேக்குதா? சித்திதான். நாலு வாட்டி அடிச்சேன், எடுக்கவே இல்ல... சரி சரி, மீட்டிங். வீட்டுல இருந்துதானே? இப்ப பேசலாமா?... ம்... ம்... உன் கவுன் விஷயமாத்தான்.

...இன்னும் தைக்கலடி. வெட்டிட்டேன்... ஆமா ஆமா, நீ கேட்ட அதே மாடல்தான். சட்டைக் காலர், மேலருந்து கீழ வரைக்கும் பட்டன், இடுப்புல பெல்ட்டு. உங்கம்மாவோட அந்தப் பழைய பேட்டர்ன் பேப்பர வச்சுத்தான்... பாக்கெட்டா? ரெண்டு பக்கமும் வைக்கிறேன். கை முழங்கைக்கு மேல நிக்கும். அதெல்லாம் ஞாபகம் இருக்கு.

...சொல்ல விடு. ஒரு தப்புப் பண்ணிட்டேன்.

...அந்தப் பேப்பர்ல அச்சுக் கோடு ஒண்ணு இருக்கும். அதுக்கு உள்பக்கமா பென்சில் கோடு மூணு. நான் போட்டது... ஆமா, என் பழக்கம் அது. ஒரு துணி லூசாயிடுச்சுன்னு பிடிச்சுத் தைச்சேன்னா பேப்பர்லயும் ஒரு கோடு இழுத்து தேதி எழுதிடுவேன். அடுத்தது வெட்டும்போது அளவு சரியா வரணும்ல... ஆமா, உங்கம்மாவுக்குப் போட்ட கோடுதான்.

காலைல உன் அளவுச் சீட்ட பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் உக்காந்தேன். கத்திரிய எடுத்ததும் கை அது பாட்டுக்குப் போயிடுச்சு. கடைசி கோட்டுலயே வெட்டிட்டேன்.

...இரு இரு, திட்டாத. நல்ல துணின்னு எனக்கும் தெரியும். தலைல கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அப்புறம் எவ்ளோ குறையுதுன்னு பாப்போம்னு உன் சீட்ட எடுத்தேன்.

...குறையல.

...ஆமாடி. உனக்கு அப்படியே சரியா இருக்கு. தோளு, மார்பு, இடுப்பு. நூல் பிசகல.

...சிரிக்காத. துணி தப்பிச்சிடுச்சு, சரி. உன் அளவு எப்படி இவ்ளோ குறைஞ்சுது?

...போன வருஷம் உனக்கு நீல ஸ்கர்ட்டு தைச்சேன்ல? நோட்டுல இருக்கு, இடுப்பு முப்பத்தொண்ணு. இப்ப நீ அனுப்பினது இருபத்தேழு. யாரு அளந்தது?... மாப்பிள்ளையா? அவரு டேப்ப, கயிறு இழுக்குற போட்டி மாதிரி இழுத்திருப்பாரு. அப்படித்தான் இருக்கணும். டேப் எங்க?... எடு. இப்பவே. நான் போன வைக்கல.

...சட்டைக்கு மேல வேணாம். தொப்புளுக்கு ஒரு விரக்கடை மேல. வயித்த எக்காத... எக்கலையா. சரி... சொல்லு.

...

இருபத்தாறரை.

...இல்ல, இங்கதான் இருக்கேன். கேக்குது.

...ம். வேல ஜாஸ்தி. நேரத்துக்கு சாப்பிடறதில்ல. ம்... உங்கம்மாவும் இதேதான்டி சொன்னா. ஒரு வார்த்தை மாறாம.

...நீ கேளு. குறுக்க பேசாத. மொத கோடு போட்டப்ப, "என்னக்கா, குமரியாட்டம் ஆயிட்டே"ன்னு கிண்டல் பண்ணேன். அவளுக்கு ஒரே பெருமை. ரெண்டு மாசத்துல இன்னொரு கோடு. மூணாவதுக்கு டேப்பச் சுத்தினேன் பாரு, விலா எலும்பு விரல்ல தட்டுச்சு. வாயத் தொறந்தேன். அவ கண்ணாடியப் பாத்துக்கிட்டே, பெல்ட்டுல இன்னொரு ஓட்டை போட்டுடுன்னா. போட்டுக் குடுத்தேன்.

...ஒண்ணும் கேக்கல. தேதிய மட்டும் எழுதினேன்.

...அவ டாக்டர்கிட்ட போனது அதுக்கப்புறம் அஞ்சு மாசம் கழிச்சு. டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதான்னாரு. நீங்க எல்லாரும் அழுதீங்க. நான் மட்டும் தேதிய எண்ணிக்கிட்டு நின்னேன்.

...இல்ல, யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்க சித்தப்பாகிட்ட கூட. அவ போயி பன்னெண்டு வருஷமாச்சு. அந்தப் பேப்பர தூக்கிப் போடவும் மனசு வரல, எடுத்துப் பாக்கவும் தைரியம் வரல. நீ இந்த மாடல்தான் வேணும்னு கேட்டதாலதான் எடுத்தேன்.

...வெட்டின துண்டையெல்லாம் தையல் பொம்மைல குத்தி வச்சேன்டி. பின்னாடியிருந்து பாத்தா அவளே திரும்பி நிக்கிற மாதிரி இருக்கு. அந்த ரூமுக்குள்ள போக முடியல. சமையக்கட்டுல நின்னுதான் பேசிக்கிட்டு இருக்கேன்.

...அழுவல. தும்மல்.

...வேற எதாவது இருக்கா? மறைக்காம சொல்லு... ம்... ராத்திரி வேர்க்குதா? ஃபேன் போட்டுமா?... தலகாணி நனையுற அளவுக்கா... எவ்ளோ நாளா?... ஆறு வாரமா.

...

மாப்பிள்ளைக்குத் தெரியுமா?... போன அவர்கிட்ட குடு... கோவிச்சுக்கோ. பரவால்ல. அப்புறம் ஒரு வருஷம் என்கூட பேசாம இரு. இப்ப போன குடு.

...

ஆங், மாப்பிள்ளை. நல்லா இருக்கீங்களா... இல்ல இல்ல, கவுனுக்காக இல்ல. இவ இளைச்சிருக்காளே, அது... ம்... நீங்களும் கவனிச்சீங்களா? எப்பருந்து?... கேட்டா பயந்துடுவான்னு சும்மா இருந்தீங்க. ம். புரியுது. உங்களக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல மாப்பிள்ளை, நானும் அப்படி இருந்தவதான்.

...ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம். தைராய்டா இருக்கலாம், சத்துக் குறைவா இருக்கலாம். ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லட்டும். நாம சொல்ல வேணாம்... திங்கக்கிழமையா? வேணாம், இன்னைக்கே. நீங்க வழக்கமா போற ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் போட்டுப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்... ம்... ம்...

...நாலரைக்கா? சரி. எந்த வாசல், மருந்துக்கடை இருக்குற பக்கமா?... நான் நாலு மணிக்கே வந்துடறேன்.

...வர மாட்டேங்குறாளா. கேக்குது, அவ கத்துறது எனக்கே கேக்குது. சித்தி வாசல்லயே நிப்பா, நீ வர்ற வரைக்கும் நகர மாட்டான்னு சொல்லுங்க... ஆமா, மழை பெஞ்சாலும்தான்.

...சரி மாப்பிள்ளை, பஸ்ஸப் பிடிக்கணும். வச்சிடறேன்.