சபையில் சொல்லாமல் விட்டவை

ஓடுகிறோம். நான் கட்டிலின் தலைமாட்டில். பியூலா கால்மாட்டில். கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த கிழவர். சாய்தளம் வழியாகக் கீழ்த்தளத்துக்குப் போகவேண்டும். ஒரு சக்கரம் சுழலவில்லை. சனிக்கிழமை. காலை பத்து இருபது. போர் தொடங்கிப் பதினோராம் நாள்.

முதல் சத்தம் தூரத்தில். கனத்த கதவை யாரோ அறைந்து சாத்தியது போல. இரண்டாவதற்கு முன்னால் ஒரு விசில். பிறகு கண்ணாடி. இரண்டாம் மாடியின் கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் விழுகிறது.

"தள்ளு மக்கா! நிக்காத! தள்ளு!" பியூலா கத்துகிறாள்.

கீழே சேர்ந்தோம். ஆட்களை எண்ணினேன். பியூலாவைக் காணவில்லை. திரும்ப மேலே ஓடியிருந்தாள். நான்கு நிமிடம். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நிமிடத்தில் ஏழு சத்தம். எட்டாவதற்கு முன்னால் வந்துவிட்டாள். தோளில் எங்கள் அறையில் இருந்த அரிசிச் சாக்கு. கையில் ஒரு பிஸ்கட் டப்பா.

என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் முழங்கால் ஆடவில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி வரவேண்டிய நேரத்தில் எனக்குப் பொறாமை வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

என் பெயர் ஷைனி. ஊர் காரோடு, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே. நர்ஸ். பியூலாவுக்குப் பக்கத்து ஊர், ஆரியங்கோடு. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாங்கள் வேலை பார்த்த நாட்டின் பெயரை எழுதவில்லை. எங்களோடு இருந்த சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சபையில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சொன்னேன். பத்து நிமிடம். குண்டு விழுந்தது, காய்ச்சல் வந்தது, கர்த்தர் காப்பாற்றினார். பெண்கள் அழுதார்கள். ஆரியங்கோட்டிலிருந்து வந்த பியூலாவின் அம்மா முன்வரிசையில் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மூன்று விஷயங்களை விழுங்கிவிட்டேன். நான் பியூலாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவளிடமிருந்து திருடினேன். மூன்றாவதை அதன் இடத்தில் எழுதுகிறேன். அந்த அம்மாவிடம் இந்த மூன்றையும் சொல்லாமல் நான் சொல்லும் எந்தச் சாட்சியும் பொய்தான்.

கீழ்த்தளத்தில் எட்டுப் பேர். நாங்கள் இருவர். நடக்க முடியாத நோயாளிகள் நான்கு பேர். காவலாளி ஒருவர். சமையல்காரி ஒருத்தி. பழைய எக்ஸ்ரே படங்கள் வைத்திருந்த அறை. ஒரு கேஸ் அடுப்பு. ஜெனரேட்டர் இரண்டாம் நாள் நின்றது. அதன் பிறகு வெளியே விழும் சத்தத்தை அமுக்க ஒன்றும் இல்லை. எல்லாம் கேட்டது.

முதல் நாள் மதியம் பியூலா அரிசி அளந்தாள். கழுவுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்தாள். பிஸ்கட் டப்பாவில் போட்டாள். மூடினாள்.

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் இது எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் உண்டு. பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கடவுளுக்கு எடுத்து வைப்பது. மாதக் கடைசியில் சபைக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் போகும். எங்கள் வீட்டிலும் அதற்கென்று ஒரு பானை இருந்தது. என் அம்மா அதைத் தினமும் தொடமாட்டாள். பெண்கள் சங்கத்தார் வாங்க வருவதற்கு முந்தின நாள் சாக்கிலிருந்து ஒரே அள்ளாக அள்ளி நிரப்பி, துணியால் துடைத்து வைப்பாள். அம்மாவின் பக்தி அப்படி. எனக்கு வந்ததும் அதுதான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், சாவு. அதற்கு மேல் நான் கோயில் வாசலை மிதித்ததில்லை.

ஆறாம் நாள் சாக்கு பாதிக்குக் கீழே. ஒரு நேரச் சாப்பாடு என்று முடிவானது. அன்றும் அவள் ஒரு பிடி எடுத்து வைத்தாள். நான் கத்தினேன்.

"ஆருக்காக்கும் இது? கோயிலு எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? உனக்குக் கிறுக்கா அக்கா?"

"எடுத்து வச்சது போக உள்ளதுதான் நமக்கு," என்றாள். "அவ்வளவுதான் மக்கா. இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல."

பியூலா ஜெபிப்பது மலையாளத்தில். திட்டுவது தமிழில். அன்று திட்டவும் இல்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மேல் ஷெல் அடி கூடும். நான் மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். அவள் சுவர் ஓரமாக ஒரு போர்வையில் கண்மூடிக் கிடப்பாள். தூங்குகிறாள். சுவர் அதிர்கிறது. சுண்ணாம்பு உதிர்கிறது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூன்று நாள் நான் ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அந்தத் தூக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அடுத்தவளுக்கு நல்ல விசா கிடைத்தபோது பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒருத்தியின் தூக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அங்கேதான்.

புதன்கிழமை. மதியம் மூன்று ஐந்து. அவள் கண்மூடிக் கிடக்கிறாள். டப்பாவைத் திறந்தேன். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். பச்சரிசி. பல்லில் அரைபடும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. வெளியே குண்டு விழுகிறது, நானோ என் பல்லின் சத்தத்துக்குப் பயப்படுகிறேன். பசி உண்டு. ஆனால் பசிக்காக மட்டும் தின்னவில்லை. அந்த டப்பா காலியாக வேண்டும். மாதக் கடைசியில் அவள் திறந்து பார்க்கும்போது அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

வியாழன். வெள்ளி. சனி. தினமும் ஒரு பிடி.

டப்பா குறையவில்லை. நான்காம் நாள் தூக்கிப் பார்த்தேன். கனம் கூடியிருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. அற்புதம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு நர்ஸ் புத்தி வேலை செய்தது. சாப்பிடும்போது அவள் தட்டைக் கவனித்தேன். அதில் சோறு இல்லை. வெறும் கஞ்சித் தண்ணீர். தன் பங்கு அரிசியை உலையில் போடாமல் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தின்றது அவளுடைய சோறு.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

டைபாய்டு. தண்ணீர் அப்படி. நூற்றி மூன்று. நூற்றி நான்கு. பியூலா உடைந்த மருந்தகத்துக்கு இரண்டு முறை ஏறிப்போய் ஊசி மருந்து கொண்டுவந்தாள். பத்து நாள் ஊசி. நரம்பு கிடைக்காமல் என் கையைத் தட்டித் தட்டித் தேடுவாள். என் மலம் எடுத்தாள். தலை துடைத்தாள். ஐந்தாம் நாளிலிருந்து கஞ்சி கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, என் கண் முன்னாலேயே அளந்து.

"அது கடவுளுக்கு உள்ளதுல்லா?" என்று கேட்டேன்.

"சொகமில்லாதவங்களுக்கு உள்ளதாக்கும். குடி."

குடித்தேன். குழைந்த அரிசி. உப்பு மட்டும். இரண்டாவது கரண்டியில் அழுகை வந்தது. அக்கா, அந்த அரிசியை நான் திருடித் தின்றேன் என்றேன்.

"அறியும்," என்றாள். "டப்பா மூடிய நான் எப்படி அடைப்பேன்னு எனக்குத் தெரியாதா? வாயத் தொற."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அது அவளுக்கு ஒரு விஷயமாகவே இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. காய்ச்சலில் வெட்கம் குறைந்திருந்தது. கேட்டுவிட்டேன். உன்னால் மட்டும் எப்படித் தூங்க முடிகிறது? எனக்கு ஏன் அது கிடைக்கவில்லை?

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"ஆரு உறங்கினா? பயந்து செத்துட்டுல்லா கெடக்கேன். கண்ணத் தொறந்தா அலறிப்போடுவேன். அதுனாலதான் மூடிட்டு ஒவ்வொருத்தருக்க பேரா சொல்லிட்டுக் கெடப்பேன். நம்ம எட்டு பேருக்க பேரு. ஊர்ல அம்மைக்க பேரு. பின்ன மறுபடியும் மொதல்ல இருந்து."

நான் பொறாமைப்பட்ட தூக்கம் அவளிடம் இருந்ததே இல்லை. என்னைப்போலவே பயந்து கிடந்திருக்கிறாள். பயத்தோடுதான் மாடி ஏறியிருக்கிறாள். பசியோடுதான் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறாள். நான் விசுவாசம் என்றால் பயம் இல்லாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். பயம் இல்லாதவர்களுக்குக் கிடைக்கிற ஒன்று, எனக்குக் கிடைக்காது என்று நினைத்திருந்தேன்.

அன்று மதியம் ஷெல் அடி தொடங்கியதும் நானும் கண்ணை மூடினேன். என் முதல் ஜெபம் அழகானது இல்லை. அவளுக்குக் கொடுத்ததில் எனக்கும் தா என்றேன். பங்கு கேட்கிற ஜெபம். பிறகு பேர்களைச் சொன்னேன். கிழவரின் பேர் தெரியவில்லை. கண்ணைத் திறந்து அவரிடம் கேட்டேன். ஒரு மாதமாக அவருக்குப் படுக்கை மாற்றியவள் அன்றுதான் பேர் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ திறந்தது. அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள் நான் அரிசி அளந்தேன். ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டேன். மெலிந்த கை. சின்னப் பிடி. பியூலா பார்த்தாள். டப்பாவை அவளே மூடினாள்.

இங்கே முடித்திருந்தால் நல்ல சாட்சி. சபையில் இங்கேதான் முடித்தேன்.

மூன்றாவது இது. சாலைக்கு எதிர்ப்பக்கம் பள்ளிவாசல் மதிலோடு ஒரு குழாய். அங்கேதான் தண்ணீர். காலையில் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் சத்தம் ஓயும். அப்போது ஒருவர் ஓடிப்போய் இரண்டு கேன் பிடித்து வரவேண்டும். முறை வைத்துக் கரியால் சுவரில் எழுதியிருந்தோம். வெள்ளிக்கிழமை என்னுடையது.

வெள்ளிக்கிழமை. காலை ஏழு முப்பத்தைந்து. கால் நடுங்குகிறது அக்கா என்றேன்.

நடுங்கவில்லை. முந்தின நாள் சாய்தளத்தில் மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தேன். எனக்குப் போக மனமில்லை. அவள் போகட்டும், அவளுக்குத்தான் எதுவும் ஆகாதே என்று நினைத்தேன். ஜெபிக்கத் தொடங்கிய பிறகும் நினைத்தேன். பொறாமை அவ்வளவு எளிதில் செத்துவிடாது. அவள் கேன்களை எடுத்தாள். நான் சாய்தளத்தின் வாயிலில் நின்றேன்.

ஏழு நாற்பது. கேன் நிறைகிற சத்தம்கூடக் கேட்கிறது. அவ்வளவு அமைதி. பிறகு விசில்.

"அக்கா! மதிலு! மதிலு பக்கம் படு! படு!"

படுத்தாள். பார்த்தேன். ஷெல் மதிலின் மேலேயே விழுந்தது. எனக்கு அதற்குப் பிறகு இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. தூசி அடங்கப் பத்து நிமிடம் ஆனது. காவலாளியும் நானும் போனோம். பள்ளிவாசல்காரர்கள் தங்கள் மண்ணில் ஒரு ஓரம் கொடுத்தார்கள். அவர்களே தோண்டினார்கள். எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. பேர்களைச் சொன்னேன். அவள் பேரைச் சேர்த்துச் சொன்னேன்.

ஏழு நாள் நான் ஜெபிக்கவில்லை. எட்டாம் நாள் கோபத்தோடு ஜெபித்தேன். கோபத்தையும் அவரிடம்தானே சொல்லவேண்டியிருக்கிறது. ஒன்பதாம் நாள் எங்களை மீட்க வண்டி வந்தது. பிறகு துறைமுகம். கப்பல். விமானம். திருவனந்தபுரம். சமையல்காரி வரவில்லை. அது அவளுடைய ஊர். டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. பக்கத்து அம்பலத்தில் சாமிக்குத் திருவிழா என்று கதினா வேட்டு வெடித்தால் நான் தரையில் படுக்கிறேன். அம்மாவும் கூடப் படுக்கிறாள்.

சாட்சி சொல்லி இரண்டு வாரம் கழித்துப் பாறசாலையில் பஸ் மாறி ஆரியங்கோடு போனேன். செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. பியூலாவின் அம்மா ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவர் இல்லை. பியூலா ஒரே மகள். கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். நான் குடிக்காமல் மூன்றையும் சொன்னேன். பொறாமை. திருட்டு. என் முறை. கால் நடுங்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் ஷீட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு கோயில்ல உன் அம்மை உன் கையப் பிடிச்சிட்டு இருந்தா. எனக்கு நெஞ்சு எரிஞ்சுபோச்சு மக்கா. கர்த்தர்ட்ட கேட்டேன், அவளுக்கு மட்டும் ஏன் பிள்ளையத் திருப்பித் தந்தீருன்னு. நீ இப்ப சொன்னது தெரியாமலேயே எரிஞ்சுது."

எனக்குத் தெரிந்த எரிச்சல். அதற்கு ஆறுதல் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். எரியட்டும் அம்மா என்றேன்.

"மன்னிச்சேன்னு சொல்ல இப்ப எனக்குக் கழியாது," என்றார். "ஞாயித்துக்கெழம நீ வராத. உன்ன உன் அம்மைக்க கூட பாக்க என்னால ஏலாது. செவ்வாய்க்கெழம வா. தனியா வா."

செவ்வாய்தோறும் போகிறேன். ஷீட் காயப்போடுகிறோம். அவர் சில நாள் பேசுவார். சில நாள் முகம் கொடுக்கமாட்டார். நான் ஜெபிக்கலாமா என்று கேட்பதில்லை. அவர் கேட்டால் ஜெபிக்கிறேன்.

இழந்தவை. கட்டிடம் ஒன்று, மூன்று மாடி. என் இடது காது. பாதித் தலைமுடி, அது முளைத்துவிட்டது. சான்றிதழ்கள் எல்லாம். பியூலாவின் போன், அதில் இருந்த அவள் படங்கள் அத்தனையும்.

இழந்தவர்கள். கீழ்த்தளத்தில் எட்டுப் பேர். வெளியே வந்தவர்கள் ஐந்து பேர். இடுப்பெலும்பு முறிந்தவர், பெயர் யூசுப். சர்க்கரை நோய்க்காரப் பெண், பெயர் சாரா. இவர்கள் இருவரும் பியூலா போன மறு வாரம்.

பியூலா. முப்பத்தாறு வயது. ஆரியங்கோட்டு அம்மாவுக்குப் பிள்ளை ஒன்று. அந்த ஒன்று.