காட்டு வீதியில் கூப்பிட்ட இடாப்பு

இரவு பதினொன்றரை. டென்மார்க்கில் பிராண்டே ஊருக்குப் போகும் காட்டு வீதி. இரண்டு பக்கமும் நட்டு வளர்த்த ஊசியிலை மரங்கள், நடுவில் ஒரே ஒரு கார்... ஈ, காக்கை இல்லை.

லவன், சிரிக்காதே. கதை முடிந்ததும் நீ தனியாகத்தான் அந்தப் பக்கம் கார் ஓடிப் போக வேண்டும்.

இது நம்முடைய சிவபாலனின் அக்கா அருமைநாயகிக்கு நடந்தது. முதியோர் இல்லத்தில் மாலை வேலை முடித்து வந்துகொண்டிருக்கிறாள். பக்கத்து சீட்டில் அதே இல்லத்தில் வேலை செய்யும் ஹுமைரா, ஆப்கானிஸ்தானில் ஹெராத் ஊர்க்காரி. மறுநாள் காலை ஒடென்சேயில் ஆப்கான் பெண்கள் தாங்களே கூட்டிய விசாரணை மன்றம். ஹுமைரா அதில் சாட்சி சொல்ல வேண்டும். இரவு அருமைநாயகி வீட்டில் தங்கி, விடியப் புறப்படுவதாக ஏற்பாடு.

சாட்சி ஹுமைராவின் அக்காவுக்காக. பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது அந்த மனுஷி வீட்டு நிலவறையில் வகுப்பு நடத்தினாள். மற்றப் பெண்களோடு வீதியில் இறங்கி நீதி கேட்டாள். பிடித்துக்கொண்டு போனார்கள். பிணமாகத் திருப்பித் தந்தார்கள். கல்லறைக் கல்லில் அவளுடைய பெயர்கூட இல்லை. இன்னாருடைய மனைவி என்று மட்டும் வெட்டியிருக்கிறது. பெண்ணின் பெயரை நாலு பேர் அறியச் சொன்னால் மானம் போய்விடுமாம். கொன்றவனுக்கு மட்டும் மானம் போகாது.

ஹுமைரா ஏறி இறங்காத படி இல்லை. ஓரிடத்தில் அத்தாட்சி கேட்டார்கள், இன்னோரிடத்தில் அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். தம்பிக்காரன் ஹெராத்திலிருந்து போன் எடுத்து, சபையில் அவள் பெயரைச் சொன்னால் நீ எனக்குச் சகோதரியே இல்லை என்றான். இவள் அசையவில்லை. நாளைக்கு மைக்கில் முதல்முதலாக அந்தப் பெயரைச் சொல்லப் போகிறாள். அது பதிவாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இருவரும் காருக்குள் பேசியது அரைகுறை டேனிஷில். நான் நம்முடைய பேச்சிலேயே சொல்கிறேன்.

"சின்னனிலை அக்காதான் எனக்குப் படிப்பிச்சவ," என்றாள் ஹுமைரா. "வீட்டிலை நாலு பிள்ளையள்தான். எண்டாலும் பள்ளிக்கூடம் மாதிரி இடாப்புக் கூப்பிடுவா. பேர் சொன்ன உடனை 'ஹாசிர்' எண்டு சொல்லோணும். இருக்கிறன் எண்டு அர்த்தம். சொல்லாட்டி, முன்னுக்கு இருந்தாலும் நீ வரேல்லைதான். அண்டு முழுக்க ஏறெடுத்தும் பாக்கமாட்டா."

"பொல்லாத மனுசிதான்," என்று அருமைநாயகி சிரித்தாள்.

அப்போது முன்னால் மஞ்சள் விளக்குச் சுழன்றது. காற்றாலை இறகு ஏற்றிய லொறி. இரவில்தான் கொண்டுபோவார்கள், தெரியும்தானே. அருமைநாயகி ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள். இறகு போனது... போனது... போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் விளக்கும் வளைவில் மறைந்தது.

சாவியைத் திருப்பினாள். டிக்... டிக்... கார் எழும்பவில்லை.

முதலில் மணம் வந்தது. கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் வருமே, அந்த வெண்கட்டி மணம். பூட்டிய காருக்குள்.

பிறகு மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். அழுகை இல்லை, அலறல் இல்லை. நிதானமான குரல். ஒரு பெயர்... சற்று நேரம் அமைதி. இன்னொரு பெயர்... அமைதி. ஒவ்வொரு பெயருக்கும் குரல் கிட்ட வந்தது.

"ஹுமைரா."

கதவுக்கு வெளியே. கண்ணாடியில் மூச்சுப் படியவில்லை.

நமக்குச் சொல்லித் தந்தது என்ன? இரவில் வெளியே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுக்கக் கூடாது. மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் மனிதர். அருமைநாயகிக்கு அந்த நேரம் வேறொன்றும் ஓடவில்லை. ஹுமைராவின் முகமோ மலர்ந்து போயிருந்தது. "ஹா..." என்று வாய் திறந்தாள்.

அருமைநாயகி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.

"குரல் குடுக்காதையும். மூண்டு தரம் கூப்பிடட்டும்," என்றாள் தமிழில். ஹுமைராவுக்கு என்ன விளங்கும்? திமிறினாள். கையைக் கடித்தாள். அருமைநாயகி விடவில்லை.

வெளியே குரல் காத்திருந்தது. ஆனால் இடாப்புக் கூப்பிடுகிறவர் எங்கே மூன்று தரம் கூப்பிடுவார்? கறக்... கரும்பலகையில் வெண்கட்டி ஒரு கோடு இழுக்கும் சத்தம். அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர் தள்ளிக் கேட்டது. கார் தானாக எழும்பியது.

"அவ என்னைக் கூப்பிட்டவ," என்றாள் ஹுமைரா.

மறுநாள் ஒடென்சேயில் மண்டபம் நிறையப் பெண்கள். முறை வந்ததும் ஹுமைரா மேடை ஏறினாள். அக்காவின் பெயரைச் சொன்னாள். நஸ்தரன். நடந்ததெல்லாம் தன் அரைகுறை டேனிஷில் நடுங்காமல் சொன்னாள். முன் வரிசையில் இருந்த அருமைநாயகி குலுங்கிக் குலுங்கி அழுதாள். வேறு ஒருவரும் அழவில்லை. சிலர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழும்பிக் கோப்பி எடுக்கப் போனாள்.

முடிந்ததும் மன்றத் தலைவி அருமைநாயகியிடம் வந்தாள். "உங்கடை சிநேகிதி ஏன் வரேல்லை? வெறும் கதிரைக்கு முன்னாலை மைக்கை வைச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் பாத்தனாங்கள்."

ஹுமைரா பக்கத்தில்தான் நின்றாள். தலைவியின் கையைப் பிடித்து உலுக்கினாள். தலைவி குளிர்காற்றுப் பட்டவள் போலச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவ வந்தவ. கதைச்சவ. இந்தா நிக்கிறா. நான் சாட்சி," என்று அருமைநாயகி கத்தினாள். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கதிரை இழுபட்ட சத்தம்கூட அதில் இல்லை. அவள் விடவில்லை. போன் எடுத்தாள், நேரே போனாள், சண்டை பிடித்தாள். வராத ஆளின் சாட்சியை எப்படி எடுப்பது என்று இரக்கத்தோடு கேட்டார்கள். போகப் போக, வராதவளுக்குச் சாட்சி நின்ற அருமைநாயகியையும் ஏறெடுத்துப் பார்ப்பதை விட்டார்கள். பெயருக்காகப் போராடும் பெண்களே அப்படிச் சொன்னால் எந்தச் சுவரில் போய் முட்டுவது? எனக்குச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

இருவரும் அதே காட்டு வீதிக்குப் பல இரவுகள் போனார்கள். எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வைத்தார்கள். ஹுமைரா இருட்டைப் பார்த்து "ஹாசிர்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். லொறிகள் போயின. குரல் வரவில்லை. பெயரைக் கூப்பிடாமல் பதில் சொல்லி என்ன பயன்?

போன கிழமை பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. ஹுமைரா முன்னால் நின்றாள். திறக்கவில்லை. கையை மேலே வீசினாள். திறக்கவில்லை. அவளுக்கு அது இப்போது வழக்கம். வேறு யாராவது வரும்வரை நிற்பாள்.

"தள்ளும், நான் வாறன்," என்று அருமைநாயகி முன்னால் போய் நின்றாள்.

கதவு திறக்கவில்லை.