மிட்டாய் கொடுத்த பொம்மையைச் செய்தது யார் என்பது பற்றி

பெயர்: உமாராணி, காலஞ்சென்ற அருள்ராஜின் மனைவி. வயது: 67. சொந்த ஊர்: தூத்துக்குடி. தற்போது மகனின் விசாவில் மஸ்கட், ரூவியில், மூன்றாம் மாடி, 304ஆம் வீட்டில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியை. நாள்: 2.11.1996, சனிக்கிழமை. நான் தமிழில் சொல்வதைக் காவல் நிலைய மொழிபெயர்ப்பாளர் மீராசா எழுதுகிறார்.

முதலில் ஒரு திருத்தம். எங்கள் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன் வைரவன்தான் அந்தப் பொம்மையைச் செய்தார் என்றும், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. அதைச் செய்தது நான்.

சென்ற ஆண்டு ஹாலோவீன் அன்று, அதாவது பிள்ளைகள் பேய்வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அக்டோபர் 31 அன்று, அவர்களுக்காக வாசலில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் வைத்தேன். முதலில் வந்த இருவரே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் வந்த பக்கத்து வீட்டு ஷிரின் வெறுங்கையுடன் நின்றாள். ஆகவே இந்த ஆண்டு, ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுக்கும் பொம்மை ஒன்றைச் செய்யத் தீர்மானித்தேன்.

என் கணவர் சவுதியில், ஜுபைலில் வேலை பார்த்தபோது வாங்கிய மேசை மின்விசிறி ஒன்று என்னிடம் இருந்தது. அதன் இறக்கைகளைக் கழற்றிவிட்டு, இடமும் வலமும் திரும்பும் தலையில் ஒரு கம்பியையும், கம்பியின் நுனியில் ஓர் அகப்பையையும் கட்டினேன். அகப்பை உள்ளே வரும்போது, மேலே பொருத்திய மிட்டாய்க் குழாயிலிருந்து ஒன்று அதில் விழும். வெளியே திரும்பும்போது பிள்ளை எடுத்துக்கொள்ளும். அழைப்பு மணிப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும். முகத்துக்கு, புதுக் கட்டடங்களில் தொங்கவிடும் திருஷ்டிப் பொம்மையைப் போல மீசையும் பல்லும் காகிதக்கூழில் செய்தேன். உடம்புக்குப் பழைய திரைச்சீலை.

சவுதி மின்விசிறி 127 வோல்ட்டில் ஓடுவது. இங்கே 240. வீட்டில் டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் ஓட்டினேன். அது பெரிய இரும்புப் பெட்டி. பொம்மையின் துணிக்குள் அடங்கவில்லை, வெளியே வைத்தால் பார்க்க நன்றாக இல்லை. புதன்கிழமை ஏசி பார்க்க வந்த வைரவன் அதைக் கவனித்தார்.

"டீச்சரம்மா, இது சவுதிக் காத்தாடி. பொட்டி இல்லாம சொருகிறாதீக, புகைஞ்சு போயிரும்" என்றார்.

"வைரவா, முப்பத்தொரு வருஷம் மின்சாரப் பாடம் நடத்தினவ நான். நீ ஏசியைப் பாரு" என்றேன்.

"சரிங்க டீச்சர். புகை வந்தா ஒரு சத்தம் குடுங்க" என்று சிரித்தார்.

எங்கள் மாடியில் ஆறு பிள்ளைகள். ஆளுக்குப் பத்து வினாடி வீதம் ஒரு நிமிடம் மோட்டார் தாங்கும் என்று கணக்கிட்டு, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு டிரான்ஸ்பார்மர் இல்லாமல் பொம்மையை வாசலில் வைத்தேன். மின்சாரம் என் சமையலறைப் பிளக்கிலிருந்து எடுத்தது. கட்டடத்தின் கம்பி எதையும் யாரும் தொடவில்லை.

அதன் பிறகு எல்லா மாடிப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நிறுத்தியிருக்க வேண்டும்; வரிசையில் நின்றார்கள், நிறுத்தவில்லை. பத்தொன்பதாவது பிள்ளையின்போது துணிக்குள்ளிருந்து புகை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வைரவனைக் கூப்பிட்டேன். அவர் கீழிருந்து ஓடிவருவதற்குள் துணியில் தீப்பிடித்திருந்தது. அவர் பொம்மையை இரு கைகளாலும் தூக்கி, பிள்ளைகள் இல்லாத பக்கம் கொண்டுபோய் மொட்டைமாடிப் படியில் போட்டார். பிள்ளைகள் யாருக்கும் காயமில்லை. சுவர் ஓர் ஆள் உயரத்துக்குக் கருகியது. வைரவனின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்துவிட்டன.

அதன் பிறகு கட்டட மேலாளர் மஹ்மூது போலீசை அழைத்தார். வந்தவர்கள் வைரவனின் கையைப் பார்த்துவிட்டு, செய்தது யார் என்று கேட்டார்கள். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் நான்தான்" என்று அவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மறுத்துப் பேசவில்லை. அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

நேற்று, வைரவனின் விசாவை அவருடைய கஃபீல், அதாவது அவருக்கு விசா கொடுத்த முதலாளி, ரத்து செய்யப்போவதாக மஹ்மூது என்னிடம் சொன்னார். இன்று கல்லறைத் திருநாள்; பூசைக்குப் போகாமல் நேராக இங்கே வந்தேன். பொம்மைக்காக நான் அளவுகளோடு வரைந்த படத்தை இத்துடன் தருகிறேன். எழுத்து என்னுடையது. கருகிய மோட்டாரில் 127 என்ற தகடு இன்னும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

வைரவன் சொன்னது சரி. நான் செய்தது பிழை. சுவருக்கான செலவும், சட்டப்படி என் மேல் வருவது எதுவானாலும் அதுவும் என்னைச் சேர்ந்தவை.

மீராசா படித்துக் காட்டியதைக் கேட்டேன். ஒரு சொல்லும் கூடுதலில்லை, குறைவில்லை. யார் வற்புறுத்தியும் சொல்லவில்லை.

வைரவன் எந்த நாளில் விடுவிக்கப்படுவார், அவர் விசா என்னவாகும் என்பதற்கு எனக்கு எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
உமாராணி அருள்ராஜ்