நாலாயிரம் வரியும் என் பேரும்

ஃபைல்கள் ஒழுங்காக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நடந்ததுக்கெல்லாம் அந்தக் குணம்தான் காரணம்.

நம் குழுவின் கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் உலகத்திலேயே பதினேழு பேர். பன்னிரண்டு வருஷமாக 'கடைசி', 'நிஜமாகவே கடைசி', 'சத்தியமாக இதுதான் கடைசி' என்று ஃபைலுக்குப் பேர் வைத்து, ஈமெயிலில் அனுப்பியே குடும்பம் நடத்தினோம். இந்த வருஷம்தான் ஊரோடு ஒத்து வாழலாம் என்று, நிரலைச் சேர்த்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளுக்கு மாறினோம். எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார் என்று அது புட்டுப் புட்டு வைத்துவிடும். பழைய நிரலை எல்லாம் அதில் ஏற்றி, எழுதியவர் பேரைப் போடும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். பொறுமைசாலி என்றும் சொன்னீர்கள்.

நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த நாலாயிரம் வரி என் மச்சான் எழுதியது. என் மனைவியின் தம்பி, உங்கள் கணக்கில் வராத பதினெட்டாவது ஆள். அவன் எழுதித் தருவான், நான் உங்களுக்கு அனுப்புவேன். இப்போது அதைக் காட்டி ஒரு பெரிய கம்பெனியில் வேலை கேட்டிருந்தான். "என் பேரை மட்டும் மறக்காமப் போட்டுடுங்க மச்சான்" என்றான்.

எனக்குப் பொறாமை கிடையாது. வீட்டில் அவன் புராணம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நாலாயிரம் வரிக்கும் என் பேரையே போட்டேன். பார்க்க ஒரே சீராக இருந்தது.

மூலப்பிரதி அவன் லேப்டாப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது அதன்மேல் ஒரு சொம்பு தண்ணீர் கொட்டியது. நான்தான் கொட்டினேன். "விடுங்க மச்சான், தெரியாமதானே" என்று என்னையே தேற்றினான்.

கம்பெனிக்காரர்கள் கிட்டில் தேடினார்கள். அவன் பேரில் ஒரு வரிகூட இல்லை. பொய்யன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்க பேர் தவறி விழுந்திருக்கு போல, மாத்திடுங்க" என்றான். பார்க்கலாம் என்றேன். என் மனைவி இரண்டு நாள் அழுதாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

போன வாரம் நீங்கள் பதினாறு பேரும் கிட்டில் இன்னும் ஏற்றாமல் வைத்திருந்த வேலை முழுதும் ஒரே நொடியில் அழிந்தது. அந்த நாலாயிரத்தில் ஒரு வரியில் பிழை. யார் எழுதியது என்று கிட்டைக் கேட்டீர்கள், அது என் பேரைச் சொன்னது. அதற்காக என்னைக் குழுவை விட்டே தூக்கப் போகிறீர்களாம்.

மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி மச்சான் எழுதியது. அங்கே மட்டும் அவன் பேரைப் போட்டுவிடுங்கள். எழுதியவன் பேரைப் போடுவதுதானே நியாயம்.