பதினைந்து கஜம்

— மூணு மணி நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு நயினாரே. ஜெனரேட்டர் டாங்கில நாலு மணி நேரத்துக்குத்தான் பெட்ரோல் இருக்குது. எப்படியோ வந்து சேந்துட்டேன்.

— மொதல்ல இந்த மோட்டார் கொட்டாய்ல உக்காரு தோமினிக்கு. செஞ்சியில இருந்து இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிருக்க. மோர் குடி.

— குடுங்க. பங்க்குல கேன்ல ஊத்த மாட்டேன்னான். வண்டி எங்கன்னு கேட்டான். ராஜகிரிக்குக் கீழ, சம்பவநாத நயினார் தோப்புல நிக்குது, கூப்ட்டா வராதுன்னேன். சிரிச்சுட்டு ஊத்தினான்.

— அமெரிக்காக்காரர் இன்னும் வரலை. சம்சாரத்தை இந்த நெலமையில அசைக்கக் கூடாதுன்னு, பாண்டிச்சேரியில இருந்து பெரிய டாக்டரைக் கூட்டிக்கிட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனார்.

— அதுவரைக்கும் வீடு மாதிரி இருக்கற அந்த வண்டியில ஏசி நிக்கக் கூடாது. வெயில் அடிச்சு நூத்தஞ்சு காய்ச்சல். உடம்பு சூடு எறங்கலன்னா அந்தம்மா தாங்காதுன்னு நம்ப ஊரு டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க இல்ல?

— கேட்டேன். பாரு, நம்ப தோப்புல வந்து எறங்கின பொண்ணு. நல்லபடியா போகணும்.

— போகும். நீங்க ஏன் அந்தம்மாவைத் தனியா விட்டுட்டு இங்க வந்துட்டீங்க?

— மோர் எடுக்க வந்தேன். மாமரத்துக்கு அந்தாண்டதானே வண்டி? காலையில கண்ணாடியைத் தட்டித் தட்டித் தண்ணி கேட்டுது. ஒரு மணி நேரமா தட்டவே இல்லை. எட்டிப் பாத்தேன். நல்லாத் தூங்குது. மூஞ்சிகூட தெளிஞ்சு செவந்திருக்குது.

— அப்பாடா. ஏசி வேலை செய்யுது.

— அத்தனூண்டு மெஷினு அந்தப் பொட்டியை இழுக்குதே, எனக்கு அதான் ஆச்சரியம்.

— கெளம்பறப்போதான் ஆபத்து. மூணு மடங்கு கரண்ட்டு கேக்கும். மெஷினு மொணகும், மூச்சு முட்டும். ஒருதரம் கெளம்பிட்டா சாதுவா ஓடும். அதான் உள்ள லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்தினேன். ஜன்னல், கதவு இடுக்கு எல்லாத்துலயும் ஈரச் சாக்கு வெச்சு அடைச்சேன். குளிரு வெளிய போகலன்னா அது நின்னு நின்னு கெளம்ப வேணாம் பாருங்க.

— ஒரு ஓட்டையும் விடலையா?

— அடியில வயரு போற ஓட்டை ஒண்ணுதான்.

— ம். பெட்ரோலை இப்பவே ஊத்திடேன்.

— ஓடறப்போ ஊத்தினா பத்திக்கும். நிறுத்தினா திரும்ப ஏசியைக் கெளப்பறதுக்குள்ள உயிரு போயிடும். தீர்ற நேரத்துக்கு ஊத்திக்கலாம். இருங்க, சத்தம் ஏன் அமுங்கிக் கேக்குது?

— காத்து திரும்பியிருக்கும்.

— ஒரு மாவெலகூட அசையல நயினாரே. மெஷினைத் தொட்டீங்களா?

— நிறுத்தலைப்பா. ஓடிக்கிட்டுதானே இருக்குது.

— கை வெக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். காலையில அதை வெச்சப்பவே கீழ குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க. இன்னாத்தைத் தேடினீங்க, சமணருங்க நீங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்ட வேண்டிய சோத்தையா?

— கேலி இருக்கட்டும். நீ ஏன் அதை அவ்வளோ தூரத்துல, புளியமரத்தண்ட வெச்ச? சத்தத்துக்காகவா?

— சத்தத்துக்கு யாரு பயந்தா? பதினஞ்சு கஜம் அளந்து வெச்சேன். வயரு நீளமானா கரண்ட்டு கொறையும்னு தெரிஞ்சும் வெச்சேன். எங்க அண்ணன் செத்ததுல இருந்து நான் இஞ்சினை ஆளு பக்கத்துல வெக்கறதில்ல.

— காஸ்பரை மேல்சித்தாமூர் கெணத்துல முனி அடிச்சுதுன்னுதானே சொன்னாங்க?

— ஊரு சொன்னுது. கெணத்துக்குள்ள ஆயில் இஞ்சினை எறக்கி ஓட்டினாங்க. வால்வு மூட எறங்கினான் அண்ணன். அந்தப் பொகையில ஒரு விஷம் இருக்குது நயினாரே. கண்ணுக்குத் தெரியாது, இருமல் வராது. தூக்கம்தான் வரும். கயிறு கட்டி நான்தான் தூக்கினேன். செத்தவன் மூஞ்சி வெளுத்திருக்கணும் இல்ல? அவனுக்கு வெளுக்கல. நல்லா செவந்து, தூங்கறவன் மாதிரியே இருந்தான். எழுப்பிக்கூடப் பாத்தேன்.

— செவந்தா இருந்துது?

— ஒதடுகூட. ஏன், நீங்க ஏன் எழுந்துட்டீங்க?

— தோமினிக்கு.

— இன்னா?

— அந்தப் புளியமரத்தடியில எறும்பு சாரை சாரையா போயிக்கிட்டிருந்துது. மெஷினு சூட்டுல பொசுங்குதேன்னு, நீ போன கொஞ்ச நேரத்துல சக்கரத்தை உருட்டி வண்டிக்கு அடியில தள்ளி வெச்சுட்டேன்.