ஒன்பதாயிரம் முறை மடங்கியது

மனிதகுலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது: வளையும் பேட்டரி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அறிவித்தவர் என் அக்காவின் கணவர். நாலு மேடையில் அறிவித்தார், நாலிலும் கைதட்டல் வாங்கினார். பேட்டரியைக் கண்டுபிடித்தது யாரோ. அவர் கண்டுபிடித்தது மேடையை மட்டும்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நிதானமாகவே சொல்கிறேன்.

மணிக்கட்டில் கட்டும் பட்டை அது. நாடித்துடிப்பை எண்ணும். இதயம் தடுமாறினால் ஆம்புலன்ஸையும் வீட்டையும் தானே கூப்பிடும். உள்ளே சீட்டுக்கட்டுச் சீட்டு கனத்தில் பேட்டரி. அவர் கம்பெனியில் அதைச் சோதிப்பது என் வேலை. இயந்திரம் மடக்கும், நிமிர்த்தும். நான் எண்ணிக்கையைக் குறிப்பேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் என்னை அறிமுகப்படுத்துவது இப்படி:

"இவன்தான் என் மச்சான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மடக்குவான், நிமித்துவான். படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை, இல்ல?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆறு வருஷம் சிரித்தேன்.

ஒன்பதாயிரம் மடிப்பு தாண்டிய பேட்டரிக்கு ஒரு குணம் வந்துவிடும். சும்மா இருக்கும்வரை நூறு சதவீதம் காட்டும். துடிப்பை எண்ணும். கூப்பிட வேண்டிய நேரத்தில், ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கேட்டால், மயங்கிவிடும். மேடையில் முழங்கிவிட்டு வேலை என்றதும் காணாமல் போகிறவரோடு பழகியவனுக்கு இதில் வியப்பில்லை. அந்தப் பேட்டரியின் முதுகில் சிவப்புப் புள்ளி வைத்துக் கழிவுத் தட்டில் போடுவோம்.

போன வருஷம் அவருக்கு இதய அடைப்பு. அதன்பிறகு தன் சரக்கைத் தானே கட்டிக்கொண்டார், விளம்பரமும் ஆயிற்று. அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டிருந்த அக்கா சொன்னாள்: "இது அவர் கையில இருக்குன்னுதான்டா நான் கண்ணை மூடறேன்."

மூன்று வாரம் முன்பு பட்டையை என் மேசையில் வீசினார். "மடக்கு நிபுணரே, புது பேட்டரி போட்டுக் குடுங்க. பெரிய விழா வருது."

கழிவுத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். ஸ்பிரிட் தொட்டுச் சிவப்புப் புள்ளியைத் துடைத்தேன். போட்டுக் கொடுத்தேன். ஒரு மனிதரின் ஜம்பத்தைச் சோதித்துப் பார்ப்பது குற்றமாக எனக்குப் படவில்லை. "எங்க பேட்டரி சாகவே சாகாது" என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர் அவர், நான் அல்ல.

செவ்வாய் மத்தியானம் சோதனை அறைக்கு வந்து விழாப் பேச்சை ஒத்திகை பார்த்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எங்கெங்கே கைதட்ட வேண்டும் என்று சொல்லிவைத்தார். 'மனித உயிரின் காவலன்' என்ற இடத்தில் நிறுத்தினார். தட்டினேன். நிறுத்தம் நீண்டது. மேசையைப் பிடித்தார், சரிந்தார்.

பட்டையில் நூறு சதவீதம். அடுத்து ஒரு வரி: அழைக்கிறது. அடுத்து இருட்டு. நான் கணித்தபடியே.

அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார், அது கூப்பிட்டுவிட்டதா என்று கேட்பதுபோல.

"கூப்பிட்டாச்சு, அத்தான்" என்றேன்.

பதினோரு நிமிடம் ஆனது. குறிப்பேட்டில் இருக்கிறது, என் கையெழுத்து தெளிவாகவே இருக்கும். அவரைக் கொன்றது அந்தப் பேட்டரியும் அதை நம்பிய அவருடைய வாயும்தான். நான் வெறும் சோதனையாளன்.

என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் சார்ஜ் முழுசாக இருந்தது.