ஹாரிகா பல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்த கதை

தலைமை நாற்காலிக்குத் தன் இருப்பால் தகுதி சேர்க்கும் பெருமதிப்பிற்குரிய கிருபாசங்கர் அவர்களே, பிறர் பிள்ளைகளின் உயர்வையும் தம் வீட்டு உயர்வாக எண்ணி முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையின் படிப்புக்காகத் தம் பொழுதையெல்லாம் பொடிப்பொடியாக்கிக் கொடுத்த தாய்மார்களே, நாளை வெள்ளை அங்கி அணியப்போகும் செல்வங்களே, மதுக்கரை வாழ் மக்களே, உங்கள் அனைவரையும் நெஞ்சம் நெகிழ வணங்குகிறேன்.

என் பெயர் வெங்கடபதி. இன்று பாராட்டுப் பெறும் ஹாரிகாவின் தாய்மாமன். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாழ்த்துவதற்கு முன்னால், அழைப்பிதழில் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். ஹாரிகா எம்.பி.பி.எஸ். படிக்கச் செல்கிறாள் என்று அதில் அச்சாகியிருக்கிறது. இல்லை. அவள் பல் மருத்துவம் படிக்கச் செல்கிறாள்.

சலசலப்பு கேட்கிறது. பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "ஏனுங்க, மார்க்கு பத்தலீங்களா?" என்று. பத்துச்சுங்க. மிஞ்சியே இருந்ததுங்க. எம்.பி.பி.எஸ். இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உங்களுக்கு இப்போது எப்படித் திகைப்பாக இருக்கிறதோ, அப்படித்தான் எங்களுக்கும் இருந்தது. அந்தத் திகைப்பு என்னை இன்னும் விட்டபாடில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாரிகாவின் தந்தை அரங்கசாமி, பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். புகையிலை தொடாதவர், பாக்குப் போடாதவர். தேர்வு முடிவு வந்ததும் மகளுக்கு மனம் இரண்டாகப் பிளந்தது. மருத்துவமா, பல் மருத்துவமா? பள்ளியில் படித்த நாளிலிருந்தே வாய், தாடை அறுவை மருத்துவத்தில் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதற்குப் பல் மருத்துவம் வழியாகப் போகலாம். ஆனால் வீட்டில் யார் ஒப்புவார்கள்? என் தங்கை கனகம், மகள் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறாள் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

"அப்பா, பல் டாக்டர் ஒருத்தரையே நேர்ல கேட்டுப்போடலாமுங்க" என்றாள் ஹாரிகா. அரங்கசாமி உடனே கிளம்பினார். எதற்கு? மகளின் மனத்தை மாற்றத்தான். நானும் உடன் போனேன்.

நகரில் மருத்துவமனை நடத்தும் பல் மருத்துவர் ஷ்ரவ்யா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். "அம்மணி, என்ற புள்ள பெரிய டாக்டருக்குப் படிக்கோணும். நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார் அரங்கசாமி. அந்த அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை.

"நானும் அதைத்தானுங்க சொல்வேன்" என்றார். "மார்க் இருக்குது, எம்.பி.பி.எஸ். எடு கண்ணு. கல்யாண வீட்டுக்குப் போனா, 'டாக்டருங்களா, பல் டாக்டருங்களா'ன்னு பிரிச்சுக் கேப்பாங்க. கொஞ்ச வருஷம் எனக்கே வலிச்சுது."

வெற்றி என்று என் மைத்துனர் சிரித்தார். பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஷ்ரவ்யாவின் பார்வை அரங்கசாமியின் டம்ளர் மீது இருந்தது.

"ஏனுங்கண்ணா, டீயை ஆறவெச்சு ஒரு பக்கமாவே குடிக்கறீங்க?"

"பல்லு ஒண்ணு உடைஞ்சு நாக்கைக் குத்திட்டே இருக்குதுங்க. புண்ணு. அதுவா ஆறிப்போகும்."

"எப்ப இருந்துங்க?"

"போன மழைக்காலத்துல இருந்துங்க."

ஷ்ரவ்யா டீயைக் கீழே வைக்கச் சொன்னார். நாற்காலியில் சாய்த்தார். விளக்கைப் போட்டார். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, ஓரத்தை விரலால் தடவினார். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. "சின்னதா சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்போணுமுங்க. இன்னைக்கே" என்றார்.

தாய்மார்களே, முடிவு வந்தது. புற்றுநோய்.

என்ன பாவம் செய்தார் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். பாக்கு இல்லை, புகை இல்லை, குடி இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தப் பேரிடி? இது இன்ன காரணத்தால் வந்தது என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆறாத புண்ணை ஆறும் என்று விட்டதுதான் ஆபத்து என்று மட்டும் சொன்னார்கள். கனகம் சுவரைப் பிடித்துக்கொண்டே, "அண்ணா, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றாள். எனக்கும் ஓடவில்லை.

நல்லவேளை, தொடக்க நிலை. அறுவை சிகிச்சை நடந்தது. நாக்கின் ஒரு பகுதியை எடுத்தார்கள். மூக்கு வழியே குழாய், பேச்சே இல்லை. அந்த நேரத்தில்தான் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளும் வந்தது.

மருத்துவமனைக் கட்டிலருகே மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். பேச முடியாத தந்தை என்ன செய்தார் தெரியுமா? இரண்டு விரலைக் காதில் வைத்தார். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். ஸ்டெதஸ்கோப். எம்.பி.பி.எஸ். எடு என்கிறார். எனக்காக நீ வளையாதே என்கிறார். தன் நோயைக் காட்டி மகளின் பாதையை மாற்ற விரும்பாத தகப்பன் அவர்.

ஹாரிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்காக இல்லீங்கப்பா. போன தடவை காய்ச்சல்னு டாக்டருகிட்டப் போனப்ப நாக்கை நீட்டச் சொன்னாங்க, நீட்டுனீங்க. ஓரத்தை யாரும் பாக்கல. அவங்களைக் குத்தம் சொல்லலீங்க. ஆனா பாக்கறதுக்குன்னே படிச்ச ஒருத்தர் பாத்தாங்கல்ல? உங்க ஆபரேஷன்ல நின்னவங்கள்ல ஒருத்தர் பல் மருத்துவம் படிச்சுப் போட்டு மேல படிச்சவருங்க. நான் அவருகிட்டப் பேசினேன். எனக்கு இதுதானுங்க புடிச்சிருக்குது. உங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காட்டியும் எனக்கு இதுதான் புடிச்சிருந்துது. சொல்லத்தான் தைரியமில்ல."

சென்னைப் பல் மருத்துவக் கல்லூரியை முதல் விருப்பமாக வைத்து அழுத்திவிட்டாள். அரங்கசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கனகம் வெளியே எழுந்து போனாள்.

அதன்பின் மகள் அறைக்குள் வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவளோ குழாய் வழியே கஞ்சி ஊற்றுவாள், வாயைக் கழுவிவிடுவாள், தையலைப் பார்ப்பாள். ஒரு சொல் கோபமில்லை. தையல் ஆறியது. குழாய் எடுத்தார்கள். பேசிப் பாருங்கள் என்றார் மருத்துவர். நாங்கள் எல்லோரும் சூழ்ந்து நின்றோம். கனகத்தைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். குழறிக் குழறி, ஒவ்வோர் எழுத்தாகக் கோத்துக் கேட்டார்.

"காலேஜுக்கு... எப்பக் கண்ணு... கெளம்பறே?"

அந்தப் பிள்ளை அப்போதுதான் அழுதாள்.

பெரியோர்களே, எந்தப் படிப்பு பெரிது, எந்தப் படிப்பு சிறிது? உயிரைத் தொடும் கையில் உயர்ந்த கை, தாழ்ந்த கை என்று உண்டா? நம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நாம் ஒட்டிப் பார்க்கத் துடிக்கும் பட்டம் பெரிதா, அவர்கள் நெஞ்சுக்குள் நெடுநாளாய் நினைத்திருக்கும் நினைப்பு பெரிதா? வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையை அருகே அழைத்துக் கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம். என்னைப்போல் நீங்களும் ஆடிப்போகலாம். ஆனாலும் கேளுங்கள். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். ஆறாத புண் ஏதேனும் வீட்டில் யாருக்காவது இருந்தால், அதையும் நாளையே காட்டுங்கள்.

அரங்கசாமி இன்று வந்திருக்கிறார். தூண் அருகே, கழுத்தில் துண்டோடு இருப்பவர்தான். கைதட்டாதீர்கள், அவருக்குக் கூச்சம். இந்த நல்வாய்ப்பை நல்கிய விழாக் குழுவினருக்கும், இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்களுக்கும் என் உள்ளம் கனிந்த நன்றி. செல்லும் செல்வங்கள் அனைவரும் சிறந்து வாழ்க. போய் வாரேனுங்க.